மணி இன்னும் எத்தனை வருஷம் இருப்பான்?

கேள்வி: டாக்டர், எங்கள் மணி ஆண் லாப்ரடார். போன மாதம் 7 வயது முடிந்தது. எடை பார்த்தபோது 39 கிலோ. கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறான். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து அவன் பார்க்கும் பார்வைக்கு யாருக்கும் மனசு கேட்காது, ஆளுக்கு ஒரு வாய் கொடுத்துவிடுவோம். என் மகளுக்கு 10 வயது. ‘நாயோட 7 வயசு மனுஷனோட 49’ என்று தோழி ஒருத்தி சொன்னதிலிருந்து, மணி இன்னும் எத்தனை வருஷம் நம்மோடு இருப்பான் என்று தினமும் கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பொமரேனியன் 15 வயதிலும் மாடிப்படி ஏறுகிறது. 31 வருடம் வாழ்ந்த நாயே உண்டு என்கிறார் கணவர். எது நிஜம்? மணிக்குக் கருத்தடை செய்யவில்லை. இனிமேல் செய்தால் ஆயுள் கூடுமா? ஆயுளைக் கூட்டும் மாத்திரை ஏதாவது இருக்கிறதா?

பதில்: நீங்கள் கேட்டது நான்கு கேள்வி. ஆனால் என் கண் போய் நின்றது கேள்வியே இல்லாத ஓரிடத்தில்: “39 கிலோ, கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறான்.” கொழுகொழுவென்று இருப்பது கைக்குழந்தைக்கு அழகு. 7 வயது லாப்ரடாருக்கு ஆகாது. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் உங்கள் மகளின் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த 7 கணக்கு. மனிதன் 70, நாய் 10 என்று யாரோ எப்போதோ வகுத்துப் பார்த்த கணக்கு அது. கொஞ்சம் யோசித்தாலே உடைந்துவிடும். ஒரு வயதுப் பெண்நாய் குட்டி போடும்; 7 வயதுச் சிறுமி பிள்ளை பெறுவாளா? நாய் ஆரம்பத்தில் பாய்ந்து வளர்ந்து, பிறகு நிதானப்படுகிறது. 2020-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 104 லாப்ரடார்களின் டிஎன்ஏவை எடுத்து, வயது ஏற ஏற அதன் மேல் படியும் வேதிக் குறிகளை மனிதர்களின் குறிகளோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் கண்டுபிடித்த சூத்திரத்தில் லாக்ரிதம் வருகிறது, மகளுக்கு அது இப்போது வேண்டாம். விளைவை மட்டும் சொல்லுங்கள்: ஒரு வயது லாப்ரடார் மனிதக் கணக்கில் 31, நான்கு வயது 53, ஏழு வயது 62, பன்னிரண்டு வயது 71. ஆக, தோழி சொன்ன 49-ஐ மணி எப்போதோ தாண்டிவிட்டான். கேட்டதும் பதற வேண்டாம். 7-லிருந்து 12-க்குப் போகும் ஐந்து வருடத்தில் அவனுக்கு ஏறப்போவது 9 வயதுதான். ஒன்று மட்டும்: இது லாப்ரடார்களை வைத்துப் போட்ட கணக்கு. பக்கத்து வீட்டுப் பொமரேனியனுக்கு அப்படியே ஒட்ட வைக்க முடியாது.

அந்தப் பொமரேனியன் விஷயம் எனக்கு இத்தனை வருடம் கழித்தும் அலுக்காத புதிர். விலங்குகளில் பொதுவாகப் பெரியது நீண்ட நாள் வாழும். யானையும் எலியும் கண்முன் இருக்கும் உதாரணம். நாய் இனத்துக்குள் வந்தால் தலைகீழ். கிரேட் டேன் 8, 9 வயதைப் பிடிப்பதே பாடு. சின்ன நாய்கள் 14, 15 என்று போய்க்கொண்டே இருக்கின்றன. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு 74 இனங்களை ஒப்பிட்டு, இனத்தின் உடல் எடை ஏறக்குறைய 2 கிலோ கூடினால் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறது என்று கணக்குச் சொன்னது. பெரிய நாய்களுக்கு முதுமை சீக்கிரம் தொடங்குவதில்லை. தொடங்கியபின் வேகமாக ஓடுகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

ஏன் அப்படி என்று கேட்டால் முழு விடை இன்னும் கையில் இல்லை. ஒரு நூல் முனை இருக்கிறது. ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி சின்ன நாய்களின் ரத்தத்தில் குறைவாகவும் பெரிய நாய்களில் அதிகமாகவும் ஓடுகிறது. நாய்களின் உருவ வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த ஒரு மரபணுவைச் சுற்றியே நடக்கிறது என்று 2007-ல் தெரிந்தது. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரை கிலோவுக்குச் சற்று மேல். ஒன்றரை வருடத்துக்குள் அது ஐம்பது அறுபது கிலோ. அத்தனை வேகத்தில் செல்கள் பெருகும்போது பிழைகளும் பெருகும், புற்றுநோய்க்கு வழி திறக்கும் என்பது பலரின் கணிப்பு. பெரிய இனங்களில் எலும்புப் புற்றுநோயை நாங்கள் அடிக்கடி பார்ப்பதும் இதோடு பொருந்துகிறது.

உருவம் மட்டுமா காரணம் என்றால், இல்லை. முகமும் உண்டு. பிரிட்டனில் 5,84,734 நாய்களின் பதிவுகளை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், எல்லா நாய்களுக்கும் சேர்த்து நடு ஆயுள் 12.5 வருடம். அதாவது பாதி நாய்கள் அந்த வயதைத் தாண்டின, பாதி தாண்டவில்லை. ஆனால் மூக்கு உள்ளடங்கிய, நடுத்தர உருவமுள்ள ஆண் நாய்களுக்கு 9.1 தான். சுருங்கிய மூக்கும் நீண்ட அண்ணமும் வாழ்நாள் முழுக்க மூச்சோடு மல்லுக்கு நிற்க வைக்கின்றன. வெயிலில் கொஞ்ச நேரம் ஓடினாலே வெப்பத்தாக்கில் விழுகின்றன. அந்த முகத்துக்காகவே அவற்றைத் தேடி வாங்குகிறோம். இதைச் சொன்னால் வருத்தப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு, இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பிரெஞ்ச் புல்டாகின் ஆயுள் 4.5 வருடம் என்று 2022-ல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. 2024 ஆய்வில் அதே இனத்துக்கு 9.8. இரண்டு வருடத்தில் ஆயுள் இரட்டிப்பாகிவிடவில்லை. அந்த இனம் அண்மையில்தான் பிரபலமானது, ஆகவே இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை இளசுகள். இறந்தவற்றை மட்டும் எண்ணினால் இளம் மரணங்களே கணக்கில் நிரம்பும். சராசரி என்பது யாரை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது. இதில் உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இன ஆயுள் என்று சொல்லப்படும் எண்ணில் பார்வோ என்ற வைரஸ் நோயில் போன குட்டிகளும், வண்டியில் அடிபட்ட இளம் நாய்களும் சேர்த்தி. மணி அந்தக் கண்டங்களைத் தாண்டி 7-க்கு வந்துவிட்டவன். பிறந்த அன்று அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடிய எண்ணைவிட இன்று சொல்லக்கூடிய எண் கொஞ்சம் பெரியது.

உங்கள் கணவர் படித்த 31 வருட நாய் போர்ச்சுகலின் போபி. 2023 பிப்ரவரியில் கின்னஸ் அதற்கு ‘உலகின் மிக வயதான நாய்’ என்ற பட்டத்தைக் கொடுத்தது, அக்டோபரில் போபி இறந்தது. அதன் வயதைப் பல கால்நடை மருத்துவர்கள் நம்பவில்லை. விசாரணைக்குப் பின் 2024 பிப்ரவரியில் கின்னஸ் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. காரணம் எளிது: நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பின் பதிவில் இருந்த பிறந்த வருடத்துக்கு எந்த ஆதாரமும் கேட்கப்படவில்லை, உரிமையாளர் சொன்னதே பதிவு. அதற்கு முன் வெகுகாலம் பேசப்பட்டது ஆஸ்திரேலியாவின் புளூயி என்ற மாடு மேய்க்கும் நாய், 29 வருடம் 5 மாதம், 1939-ல் இறந்தது. கணவரிடம் சொல்லுங்கள், 20-ஐத் தாண்டிய நாயே அபூர்வம். அதை வைத்து மணிக்குக் கணக்குப் போட வேண்டாம்.

கருத்தடைக்கு வருவோம். அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரணப் பதிவுகளைப் பார்த்து 2013-ல் வந்த ஆய்வில், கருத்தடை செய்த ஆண் நாய்களின் எதிர்பார்ப்பு ஆயுள் சுமார் 14 சதவீதமும் பெண் நாய்களுக்கு 26 சதவீதமும் அதிகமாக இருந்தது. இதை அப்படியே நம்பி ஓடவும் கூடாது. கருத்தடை செய்யும் வீட்டார் பெரும்பாலும் மற்ற கவனிப்பும் எடுப்பவர்கள். பலன் எதிலிருந்து வந்தது என்று பிரிப்பது கடினம். கருத்தடை செய்த நாய்கள் தொற்றாலும் விபத்தாலும் சாவது குறைந்தது, புற்றுநோயால் சாவது கூடியது. மணி பெண்ணாக இருந்தால் நான் தயங்காமல் செய்யச் சொல்லியிருப்பேன். கர்ப்பப்பையில் சீழ் கோப்பது 10 வயதுக்குள் நாலில் ஒரு பெண்நாய்க்கு வருகிறது, நள்ளிரவில் அறுவை மேசைக்கு வந்து பிழைக்காமல் போனவற்றை நான் மறக்கவில்லை. ஆணுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. விரைகளில் கட்டி, புராஸ்டேட் வீக்கம், பெண்நாய் வாடைக்கு வீட்டை விட்டு ஓடும் பழக்கம், இதில் ஏதாவது இருந்தால் செய்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பரிசோதனையிலும் அவற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். செய்வதாக இருந்தால் ஒன்று: அறுவைக்குப் பின் உடலின் சக்தித் தேவை நன்றாகக் குறையும், பசியோ கூடும். இப்போதுள்ள எடையில் அது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

மாத்திரை? இன்றைய தேதியில் நாயின் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ராபமைசின் என்ற மருந்தை வைத்து அமெரிக்காவில், 7 வயது தாண்டிய பெரிய நாய்களிடம் சோதனை நடக்கிறது. முடிவு வரட்டும். அதுவரை டப்பாவில் ‘நீண்ட ஆயுள்’ என்று அச்சடித்து விற்பவர்களுக்கு உங்கள் பணம் போக வேண்டாம். அதைவிட முக்கியம், கால் வலிக்கிறதே என்று நீங்கள் போடும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள். நாயின் கல்லீரலும் சிறுநீரகமும் அவற்றைத் தாங்காது. திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்த இனிப்பு, இவையும் அந்தப் பட்டியலில்.

இப்போது 39 கிலோ.

1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஒரு சோதனை இருக்கிறது. 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்று தின்றதைவிட மற்றது 25 சதவீதம் குறைவாகத் தின்றது. அதே உணவு, அதே கூரை, அதே கவனிப்பு; கிண்ணத்தின் அளவு மட்டும் வேறு. கடைசி நாய் சாகும்வரை கூடவே இருந்து எழுதினார்கள், 2002-ல் வெளியிட்டார்கள். நிறையத் தின்றவற்றின் நடு ஆயுள் 11.2 வருடம். குறைவாகத் தின்றவற்றுக்கு 13. கிட்டத்தட்ட இரண்டு வருடம்! இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ‘நிறையத் தின்ற’ நாய்கள் உருண்டு திரண்ட குண்டர்கள் இல்லை. வீதியில் பார்த்தால் “நல்லா வளத்திருக்காங்க” என்று நாம் சொல்லும் அளவுக்குச் சற்றுப் பூசினாற்போல் இருந்தவை, அவ்வளவுதான். மணியைப் போல.

ஆயுளைவிட என்னை அசைத்தது அதே சோதனையின் இன்னொரு எண். மூட்டுத் தேய்மானத்துக்கு நிரந்தர மருந்து தேவைப்பட்ட வயது, நிறையத் தின்றவற்றுக்கு 10.3. மெலிந்தவற்றுக்கு 13.3. பெரிய நாய்களுக்குக் கடைசி நாளைப் பல வீடுகளில் இதயமோ புற்றுநோயோ குறிப்பதில்லை, கால்கள் குறிக்கின்றன. ஒருநாள் காலை அவன் எழ மாட்டான். தூக்கிப் பிடித்தால் நிற்பான், விட்டால் சரிவான். கண்ணும் காதும் இதயமும் நன்றாக இருக்கும்போதே, வீட்டார் கலங்கிய கண்ணோடு கருணைக்கொலைக்குச் சம்மதிப்பார்கள். அந்தக் காலையை மூன்று வருடம் தள்ளிப்போட முடியும் என்றால், அதற்கு ஈடாக ஒரு மருந்தையும் நான் சொல்ல மாட்டேன்.

அவன் பார்க்கும் அந்தப் பார்வை பற்றி. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாரிடம் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். ‘வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அங்கே அறுந்துவிடுகிறது. 2024-ல் இன்னொன்றும் தெரிந்தது: அப்படிப்பட்ட நாய்கள் சும்மா இருக்கும்போது மற்றவற்றைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே சக்தியை எரிக்கின்றன. பசி அதிகம், செலவு குறைவு. மணி அந்த நாலில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் கண்ணில் நீங்கள் பார்ப்பது பட்டினி இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஆளுக்கு ஒரு வாய் என்கிறீர்கள். மூன்று பேர், இரண்டு வேளை, ஆறு வாய். அவனுக்கு அது இன்னொரு சாப்பாடு.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டில் ஒரு பீகிள் இருந்தது. அம்மா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம் ஊட்டி அதை 19 கிலோவாக்கினார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், கண்ணில் படவில்லை. கூட வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதன் முதுகைத் தடவிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

நீங்களும் தடவித்தான் பார்க்க வேண்டும். கையை மேசைமேல் விரித்து வைத்து, புறங்கை எலும்புகளை மற்றக் கையால் தடவிப் பாருங்கள். மணியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டியை மடக்கினால் தெரியும் முட்டிபோல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவதுபோல் எலும்பைத் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுக வேண்டும், பக்கவாட்டில் வயிறு மேலேற வேண்டும். ஆண் லாப்ரடாருக்குப் பொதுவான எடை 29-லிருந்து 36 கிலோ. மணியின் எலும்பு அமைப்பைப் பார்க்காமல் சொல்கிறேன், 33, 34-ஐ இலக்காக வைக்கலாம்.

உணவைக் குறைப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். நடுவயது லாப்ரடாருக்குத் தைராய்டு மந்தமானால் காற்றைக் குடித்தும் எடை போடும். அது சரியாக இருந்தால், கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறுங்கள். கப்பால் அளந்தால் ஆளுக்கு ஓர் அளவு. எத்தனை கிராம் என்பதை உங்கள் மருத்துவர் அவன் இலக்கு எடையை வைத்துச் சொல்லட்டும். வாரத்துக்கு 400-லிருந்து 800 கிராம்வரை இறங்கினால் போதும், அவசரப்பட்டுப் பட்டினி போடாதீர்கள். ஊட்டாமல் யாருக்கும் மனசு கேட்காது என்றால், அன்றைய உணவில் ஒரு கைப்பிடியைக் காலையிலேயே தனி டப்பாவில் எடுத்து வைத்து, யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் என்று சட்டம் போடுங்கள். டப்பா காலியானால் காலி. நடை தினமும் இருக்கட்டும். ஆனால் இந்த எடையில் பந்துக்குத் தாவுவது, படியேறி ஓடுவது வேண்டாம். நீந்த இடம் இருந்தால் லாப்ரடாருக்கு அதைவிட நல்லது இல்லை.

மற்றவை நீங்கள் அறிந்தவைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். தடுப்பூசி, உண்ணி மருந்து, கொசுவால் வரும் இதயப் புழுவுக்கான மருந்து, கழுத்தில் வார். பல் துலக்குவதை மட்டும் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோய் ஆரம்பித்துவிடுகிறது. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. தோலுக்கடியில் கட்டி தட்டுப்பட்டால் “கொழுப்புக் கட்டிதான்” என்று தடவிப் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள், ஊசியில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினாலும், திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தாலும், எழும்போது முன்னங்காலை ஊன்றி யோசித்தாலும், அடுத்த பரிசோதனைவரை காத்திருக்க வேண்டாம்.

இனி மகளுக்கான பதில். பத்து வயதுக்கு உண்மை தாங்கும், மழுப்பினால்தான் தினமும் கேட்பாள். மணி போன்ற நாய்கள் 11-லிருந்து 13 வயதுவரை இருப்பது வழக்கம். அதாவது இன்னும் நாலு, ஐந்து வருஷம் இருப்பான் என்று எதிர்பார்க்கலாம். உடம்பு இளைத்தால் ஆறு, ஏழும் ஆகலாம். யாராலும் உறுதி சொல்ல முடியாது. இப்படியே சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அப்புறம் தராசையும் அந்த டப்பாவையும் ஒரு நோட்டையும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடையை எழுதுவது அவள் பொறுப்பு. வீட்டில் இந்தச் சட்டத்தை மீறப் போகிறவர் யார் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. கணவர் சாப்பிடும்போது மகள் எதிரில் உட்காரட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டில் உள்ள எண்களை எனக்கு எழுதுங்கள். 36-க்குக் கீழே வந்திருந்தால் அடுத்த அளவைச் சொல்கிறேன்.